ஜெக்கிலுக்குக் குடிபோனவர்கள்



இந்தச் செய்திமடலை நீங்கள் கைப்பேசியில் திறந்தபோது, எங்கோ இருக்கும் ஒரு கணினி இதை உங்களுக்கு எடுத்துக் கொடுத்தது. அப்படி எடுத்துக் கொடுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. 2008-ஆம் ஆண்டில் ஒரு சிறிய மென்பொருள் வந்தது. அதைப் பார்த்துப் பலர், நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் இணையதளங்களை ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாற்றினார்கள். அவர்கள் ஏன் மாறினார்கள், மாறியதில் என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரை.

கணினிக்காரர்கள் சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். எழுதி வைத்ததை யார் கையில் வைப்பது என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிற எந்தச் சங்கத்துக்கும் அது சொந்தமான கேள்விதான்.

போட்டு வைத்த கணக்கு

வங்கிக் கிளைகளில் கணினி வருவதற்கு முன்பு வட்டி பார்க்க ரெடி ரெக்கனர் என்று ஒரு தடிமனான புத்தகம் இருக்கும். இவ்வளவு தொகைக்கு, இத்தனை நாளுக்கு, இந்த விகிதத்தில் இவ்வளவு வட்டி என்று யாரோ முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சடித்து வைத்திருப்பார்கள். வரியில் விரலை வைத்துத் தொகையைப் படித்துச் சொன்னால் போதும். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தாளை எடுத்துக் கணக்குப் போட வேண்டும். கவுன்டர் முன்னால் வரிசை வாசல் வரை போய்விடும்.

இணையதளங்களும் இப்படித்தான். முதல் முறையில் பக்கங்கள் முன்கூட்டியே தயாராக இருக்கும். நீங்கள் கேட்டதும் சர்வர் அந்தக் கோப்பை அப்படியே அனுப்பும். இதை ஸ்டாட்டிக் என்கிறார்கள். நிலைப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது முறையில் எழுத்து ஓரிடத்தில், தலைப்பு ஓரிடத்தில், படம் ஓரிடத்தில் என்று டேட்டாபேஸில் கிடக்கும். நீங்கள் கேட்கும் நேரத்தில் ஒரு நிரல் ஓடி, இவற்றையெல்லாம் கூட்டிச் சேர்த்து உங்களுக்காக ஒரு பக்கம் தயாரிக்கும். அடுத்த வீட்டுக்காரர் அதே பக்கத்தைக் கேட்டால், மறுபடி முதலிலிருந்து தயாரிக்கும்.

உங்கள் வங்கி இருப்பைக் காட்டும் பக்கத்துக்கு இரண்டாவது முறைதான் வேண்டும். ஏனென்றால் அது ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியப்போகிற ஒரு கட்டுரைக்கு எதற்கு இத்தனை வேலை?

முதலில் இருந்தது நிலைப்பக்கமே

ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் உலகுக்கு அறிமுகப்படுத்திய இணையதளம் வெறும் கோப்புகளால் ஆனது. அடுத்து வந்தவர்களும் கையாலேயே பக்கம் பக்கமாக எழுதினார்கள். பத்துப் பக்கம் இருக்கும்வரை சிரமமில்லை. நூறு பக்கம் ஆனதும், மேலே இருக்கும் ஒரு தலைப்பை மாற்றவேண்டும் என்றால் நூறு கோப்புகளையும் திறந்து திருத்த வேண்டியிருந்தது.

2001 அக்டோபரில் பென் ட்ராட், மீனா ட்ராட் என்ற அமெரிக்கத் தம்பதி மூவபிள் டைப் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். நீங்கள் எழுதினால் அது பக்கங்களை உருவாக்கிக் கோப்புகளாகப் போட்டுவிடும். நல்ல யோசனைதான். ஆனால் பதிவுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும், சிறு மாற்றத்துக்குக்கூடப் பக்கங்களைத் திரும்ப உருவாக்கிக் காத்திருக்க வேண்டி வந்தது.

2003 மே 27 அன்று மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் வேர்ட்பிரஸை வெளியிட்டார்கள். அது இரண்டாவது முறை. பொத்தானை அழுத்தியதும் பதிவு வெளியாகிவிடும். காத்திருப்பு இல்லை, விலையும் இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம் மூவபிள் டைப் தன் 3.0 பதிப்பில் இலவசமாகப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு விதித்து, அதற்கு மேல் வேண்டுமென்றால் உரிமம் வாங்கச் சொன்னது. அதில் கோபப்பட்டவர்கள் பலர் வேர்ட்பிரஸுக்குப் போனார்கள். இன்றும் உலக இணையதளங்களில் பத்தில் நான்குக்கு மேல் வேர்ட்பிரஸில்தான் ஓடுகின்றன. கணினி தெரியாதவரும் எழுதி வெளியிட முடிகிறது என்பது சாதாரண விஷயமில்லை.

அதற்கும் ஒரு விலை இருந்தது. திடீரென்று பெருங்கூட்டம் வந்தால் டேட்டாபேஸ் திணறி, தளம் விழுந்துவிடும். ஓடும் நிரல் என்றால் அதில் ஓட்டையும் இருக்கும். ஓட்டை தெரிய வந்தால் அடைக்கும் வரை கள்வர்கள் புகுவார்கள். 2007-இல் வேர்ட்பிரஸ் 2.1.1 பதிப்பை வைத்திருந்த சர்வரில் ஒருவர் புகுந்து, மக்கள் பதிவிறக்கும் கோப்பிலேயே தீய நிரலைச் சேர்த்துவிட்டார். மார்ச் மாதம் விஷயம் தெரிந்ததும் எல்லோரையும் உடனே 2.1.2-க்கு மாறும்படி அறிவித்தார்கள். கட்டுரை எழுத வந்தவர்கள் மாதாமாதம் பூட்டு மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யோசனை

சான் பிரான்சிஸ்கோவில் டாம் பிரஸ்டன்-வெர்னர் என்ற இளைஞர் இருந்தார். இணையத்தில் பெயருக்குப் பக்கத்தில் சிறு படம் காட்டும் கிராவட்டார் என்ற சேவையை உருவாக்கி, 2007-இல் அதை விற்றவர். வாங்கியது வேறு யாருமல்ல, முல்லன்வெக்கின் நிறுவனமான ஆட்டோமேட்டிக். 2008-இல் நண்பர்களோடு சேர்ந்து கிட்ஹப் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்.

கிட்ஹப் பற்றி இரண்டு வரி சொல்லவேண்டும். மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோப்புகளை கிட் என்ற முறையில் வைத்துக்கொள்வார்கள். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பது அதில் பதிவாகும். பழைய வரியும் அழியாது. கணக்கேட்டில் தப்பை ரப்பரால் அழிக்கக் கூடாது, கோடிட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள் அல்லவா, அதே ஒழுங்கு. இப்படிப்பட்ட ஏடுகளைப் பலர் சேர்ந்து பயன்படுத்த இடம் கொடுப்பது கிட்ஹப்பின் தொழில்.

2008 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, தன் அபார்ட்மென்டில் ஒரு டம்ளர் ஆப்பிள் சாற்றோடு உட்கார்ந்து யோசித்ததாக அவரே எழுதியிருக்கிறார். வேர்ட்பிரஸ், மெஃபிஸ்டோ போன்ற மென்பொருட்களின் சிக்கல் அவருக்கு அலுத்துவிட்டது. எழுதுவதைவிடப் பராமரிப்புக்கே அதிக நேரம் போயிற்று. அதைவிடப் பெரிய மனக்குறை ஒன்றையும் அவர் சொல்கிறார். தன் எழுத்து எங்கோ தொலைவில் ஒரு சர்வரின் டேட்டாபேஸில் போய் முடிவது தலைகீழான ஏற்பாடு என்றும், அப்படி வைத்ததில் அருமையான எழுத்துகளை இழந்திருப்பதாகவும் எழுதினார். நிரல் எழுதுபவன் தன் நிரலைக் காப்பாற்றுவதுபோலத் தன் எழுத்தையும் காப்பாற்றினால் என்ன என்பதே அன்று அவருக்குத் தோன்றிய யோசனை.

நவம்பர் 17 அன்று ஜெக்கில் என்ற மென்பொருளை அறிவித்தார். ஸ்டீவன்சன் 1886-இல் எழுதிய நாவலில் வரும் டாக்டரின் பெயர் அது. அந்த டாக்டர் மருந்தைக் குடித்து வேறொரு மனிதராக மாறுவார். இங்கே மாறுவது வெறும் எழுத்துக் கோப்பு. பின்னால் பைத்தான் மொழியில் இதே வேலைக்கு இன்னொருவர் எழுதிய மென்பொருளுக்கு, அந்த டாக்டரின் மறுவடிவமான ஹைட் என்ற பெயரே கிடைத்தது.

வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு கட்டுரையும் உங்கள் கணினியில் ஒரு எழுத்துக் கோப்பு. ஜான் க்ரூபர் 2004-இல் வெளியிட்ட மார்க்டவுன் என்ற முறைப்படி, தலைப்புக்கு முன்னால் ஒரு குறி, அழுத்தமான சொல்லுக்கு இருபுறமும் நட்சத்திரக் குறி என்று எழுதினால் போதும். பக்கத்தின் தோற்றம் தனியாக ஒரு கோப்பில் இருக்கும். ஜெக்கிலை ஓட்டினால் இரண்டையும் சேர்த்து எல்லாப் பக்கங்களையும் ஒரே மூச்சில் தயாரித்துக் கொடுத்துவிடும். அதை எந்த சர்வரில் போட்டாலும் ஓடும். சர்வரில் டேட்டாபேஸ் வேண்டாம், புகுந்து கெடுக்க அங்கே நிரலும் இல்லை. ரெடி ரெக்கனர் திரும்ப வந்துவிட்டது. இந்த முறை அதை அச்சடிக்கும் வேலையைக் கணினி செய்தது.

அதே டிசம்பரில் கிட்ஹப், இத்தகைய பக்கங்களைத் தன் சர்வரிலேயே இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. கோப்பை அனுப்பினால் ஜெக்கிலை அதுவே ஓட்டிப் பக்கங்களைப் போட்டுவிடும். குடிபோக வீடும் கிடைத்துவிட்டது, வாடகையும் இல்லை.

மூட்டை கட்டியவர்கள்

முதலில் போனவர்கள் பெரும்பாலும் மென்பொருள் எழுதுகிறவர்கள். வேர்ட்பிரஸ், மூவபிள் டைப், மெஃபிஸ்டோ ஆகியவற்றிலிருந்து பழைய பதிவுகளை உருவி எழுத்துக் கோப்பாக்கும் நிரல்கள் ஆரம்பத்திலேயே ஜெக்கிலோடு வந்தன. இருந்தாலும் வீடு மாறியவர்களுக்குத் தெரியும், லாரியில் ஏற்றியதெல்லாம் உடையாமல் வந்து சேருவதில்லை.

முதல் சிரமம் முகவரி. பழைய கட்டுரைக்கு மற்றவர்கள் கொடுத்திருந்த இணைப்புகள் பழைய முகவரிக்கே வரும். தேதியும் தலைப்பும் அதே வரிசையில் வருமாறு அமைக்காவிட்டால், ஆறு ஆண்டு எழுதியதைத் தேடி வருபவருக்குப் 'பக்கம் இல்லை' என்றே வரும். கவனமானவர்கள் ஒவ்வொரு பழைய முகவரியையும் சரிபார்த்தார்கள்.

இரண்டாவது, வாசகர் கருத்துகள். நிலைப்பக்கம் தானாக எதையும் வாங்கி வைத்துக்கொள்ளாது. சிலர் கருத்துப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். பலர் 2007-இல் தொடங்கிய டிஸ்கஸ் என்ற சேவையிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். தன் எழுத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்தவர்கள், வாசகரின் எழுத்தை வேறொருவர் வீட்டில் வைத்தார்கள் என்று ஆயிற்று. 2012-இல் டிஸ்கஸிலிருந்து 1 கோடியே 75 லட்சம் பயனர்களின் விவரம் திருடு போயிருந்தது 2017-இல்தான் வெளியே தெரிந்தது.

மூன்றாவது, சௌகரியம். வேர்ட்பிரஸில் எந்தக் கணினியிலிருந்தும் உள்ளே நுழைந்து எழுதலாம். ஜெக்கிலில் கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். அந்தக் கணினியில் ரூபி என்ற மொழி சரியான பதிப்பில் இருக்க வேண்டும். ஆறு மாதம் எழுதாமல் இருந்து திரும்ப வந்தால், ஏதோ ஒன்று பழையதாகி ஓட மறுக்கும்.

இந்தச் சிரமத்தைக் குறைக்க பிராண்டன் மேதிஸ் என்பவர் ஜெக்கிலின் மேல் ஆக்டோபிரஸ் என்ற அமைப்பைக் கட்டினார். அழகான தோற்றம், தயார் நிலையில் பல வசதிகள். 2011 வாக்கில் நிறையப் பேர் அதற்குப் போனார்கள். ஆனால் அதைப் பயன்படுத்த அவருடைய முழுத் தொகுப்பையும் நகல் எடுத்து, அதற்குள்ளேயே உங்கள் கட்டுரைகளையும் வைக்க வேண்டும். அவர் புதுப் பதிப்பு வெளியிட்டால் உங்கள் மாற்றங்களும் அவர் மாற்றங்களும் மோதும். இந்தக் குறையை 2015-இல் அவரே ஒளிக்காமல் எழுதினார். பிறகு ஆக்டோபிரஸ் மெல்ல மெல்ல நின்றுபோனது. அதில் இருந்தவர்களின் கட்டுரைகள் மட்டும் போகவில்லை. அவை எழுத்துக் கோப்புகள். வேறு மென்பொருளுக்கு எடுத்துக்கொண்டு போக முடிந்தது.

பெரிய இடங்களிலும்

2012 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒபாமாவின் பிரசாரக் குழு, நன்கொடை திரட்டும் இணையப் பக்கங்களை ஜெக்கிலால் தயாரித்தது. ஒரு மின்னஞ்சல் போனால் ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் வந்து மோதும் தளம் அது. பக்கங்கள் தயார் நிலையில் இருந்ததால் உலகெங்கும் உள்ள சர்வர்களில் நகல் வைத்துப் பரிமாற முடிந்தது. பழையதைவிட 60 சதவீதம் விரைவாகப் பக்கம் தெரிந்தது என்றும், அதன் வழியே சுமார் 25 கோடி டாலர் வந்தது என்றும் அதைக் கட்டிய குழுவில் இருந்த கைல் ரஷ் பிறகு எழுதினார். பணத்தை வாங்கிக் கணக்கில் சேர்க்கும் வேலை மட்டும் தனி நிரலில் நடந்தது.

அடுத்த ஆண்டு அதே நாட்டில் அரசின் மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில் வேறொரு பாடம் கிடைத்தது. 2013 ஜூனில் அதன் தகவல் பக்கங்கள் ஜெக்கிலால் தயாரிக்கப்பட்டு வெளிவந்தன. டேட்டாபேஸ் இல்லாத அரசுத் தளம் என்று பாராட்டினார்கள். அக்டோபர் 1 அன்று காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் பகுதி திறந்தது. முதல் நாளில் பதிவு செய்து முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். கணக்குத் தொடங்குவது, அடையாளம் சரிபார்ப்பது, திட்டம் தேர்ந்தெடுப்பது எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் வேலை. அதை முன்கூட்டியே தயாரித்து வைக்க முடியாது. அதைக் கட்டியவர்கள் வேறு நிறுவனத்தார், முறையும் வேறு. எது ரெடி ரெக்கனரில் பார்க்கும் கணக்கு, எது உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு என்று பிரித்துப் பார்க்க இந்த இரண்டு தளங்களும் நல்ல உதாரணம்.

இரண்டாவது முறை வீடு மாறியபோது

2013 ஜூலையில் ஸ்டீவ் பிரான்சியா என்ற பொறியாளர் ஹ்யூகோ என்ற புதிய உருவாக்கியை வெளியிட்டார். முதலில் அவர் மாற்றியது வேர்ட்பிரஸில் இருந்த தன் சொந்தத் தளத்தை. கூகுளின் கோ மொழியில் எழுதப்பட்டதால் அது மிக வேகம். ஆயிரக்கணக்கான பக்கங்கள் உள்ள தளத்தை ஜெக்கில் தயாரிக்க நிமிடக் கணக்கில் ஆகும் இடத்தில், இது நொடிக் கணக்கில் முடித்தது. ஒரே கோப்பாக வந்ததால் நிறுவுவதும் எளிது. சில ஆண்டுகளில் நார்வேயைச் சேர்ந்த பியோர்ன் எரிக் பெடர்சன் அதன் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

ஜெர்மனியிலிருந்து வெளிவரும் ஸ்மாஷிங் மேகசின் என்ற இணைய இதழ், 2006 முதல் இணைய வடிவமைப்பாளர்கள் படிப்பது. கட்டுரைகளுக்கு வேர்ட்பிரஸ், கடைக்கு ஒன்று, மாநாட்டுக்கு ஒன்று என்று பல மென்பொருட்களில் சிதறியிருந்ததை எல்லாம் 2017-இல் ஹ்யூகோவுக்கும் நெட்லிஃபை என்ற நிறுவனத்தின் சர்வர்களுக்கும் மாற்றியது. 2018-இல் கூபர்நெட்டிஸ் என்ற பெரிய மென்பொருள் திட்டம் தன் விளக்க ஏடுகளை ஜெக்கிலிலிருந்து ஹ்யூகோவுக்கு மாற்றியது. தயாரிக்கும் நேரம் குறைய வேண்டும், பல மொழிகளில் வெளியிட வசதி வேண்டும் என்பவை காரணங்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்மாஷிங் மேகசின் எழுத்துகளை டேட்டாபேஸிலிருந்து உருவி எடுக்க வேண்டியிருந்தது. கூபர்நெட்டிஸின் எழுத்துகள் ஏற்கனவே மார்க்டவுன் கோப்புகளாக இருந்தன. தோற்றத்துக்கான கோப்புகளையும் சில குறிகளையும் மாற்றினார்கள். மூலம் அப்படியே வந்தது. முதல் முறை மாறுவதில்தான் பெரும்பாடு இருக்கிறது. மூலத்தைக் கோப்பாக்கி வைத்துக்கொண்டவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் மாற்றம் அவ்வளவு பயமுறுத்துவதில்லை.

அடுத்தடுத்தும் மாற்றங்கள் வந்தன. 2015-இல் கைல் மேத்யூஸ் தொடங்கிய கேட்ஸ்பி சில ஆண்டுகள் எல்லோர் வாயிலும் இருந்தது. 2023-இல் நெட்லிஃபை அதை வாங்கியது. ஜெக்கிலுக்கு இலவச வீடு கொடுத்த கிட்ஹப்பை 2018-இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கியது. பிரஸ்டன்-வெர்னர் அதற்கு முன்பே, 2014-இல், கிட்ஹப்பை விட்டுப் போயிருந்தார். உரிமையாளர் மாறினார், ஆள் மாறினார், கருவி மாறியது. கோப்பைத் தன்னிடம் வைத்திருந்தவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை.

நிலைப்பக்கமாக இருந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 1990-களில் லட்சக்கணக்கானவர்கள் தங்கள் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டிஸ் முழுவதும் நிலைப்பக்கங்கள்தான். யாஹூ அதை 2009 அக்டோபரில் மூடியபோது, வீட்டில் நகல் வைத்திராதவர்களின் பக்கங்கள் அதோடு போயின. தன்னார்வலர்கள் சிலர் ஓடியாடிக் காப்பாற்றியது ஒரு பகுதியைத்தான்.

நமக்கு இதில் என்ன?

நம் சங்கத்திடமும் எழுத்து இருக்கிறது. துணைவிதிகள், பொதுக்குழுத் தீர்மானங்கள், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தங்கள், கழிவுநீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்ற வரைபடம், இந்தச் செய்திமடலின் பழைய இதழ்கள். இவற்றில் எது எங்கே இருக்கிறது என்று இன்றைய செயலாளரிடம் கேட்டால், கொஞ்சம் செயலியில், கொஞ்சம் முன்னாள் பொருளாளரின் மின்னஞ்சலில், கொஞ்சம் வாட்ஸ்அப் குழுவில் என்கிறார். ஒருவர் வீட்டை விற்றுவிட்டுப் போனாலோ, ஒரு நிறுவனம் கடையை மூடினாலோ, குழாய் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளத் தரையைத் தோண்ட வேண்டியிருக்கும்.

நாம் ஜெக்கிலுக்கோ ஹ்யூகோவுக்கோ மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வசதியான செயலி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துவோம். பராமரிப்புக் கட்டணம் கட்டுவதற்கும் புகார் பதிவதற்கும் அதுதான் சரி. ஆனால் மூன்று காரியங்கள் செய்து வைக்கலாம். ஒன்று, ஒவ்வொரு தீர்மானமும் ஆவணமும் எந்தக் கணினியிலும் திறக்கும் சாதாரணக் கோப்பாக, தேதியைப் பெயரில் முதலில் போட்டு, ஒரே தொகுப்பில் இருக்கட்டும். இரண்டு, அதன் நகல் சங்க அலுவலகக் கணினியிலும் இரண்டு நிர்வாகிகளிடமும் இருக்கட்டும். மூன்று, சங்கத்தின் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்த மாதம் புதுப்பிக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, சாவிக்கொத்து வைக்கும் பீரோவில் வைக்கட்டும்.

வரும் ஆண்டுப் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன்பாக உங்களால் ஒரு உதவி ஆகும். இந்தச் செய்திமடலின் பழைய இதழ்களோ, கட்டடத்தின் பழைய வரைபடங்களோ, முந்தைய நிர்வாகக் குழுக்களின் கடிதங்களோ உங்கள் கணினியிலும் கைப்பேசியிலும் இருந்தால் ஒரு நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். மாலை 5 மணிக்கு மேல் அங்கே இருப்பேன். பென் டிரைவ் நான் கொண்டுவருகிறேன்.

— 'பி' பிளாக்கிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர்